ரெண்டாவது அடியிலதான் வெடிக்குது!

சரவணம்பட்டியில் 'பிரைமர்' என்று சொன்னால் ஒரே அர்த்தம்தான். சுவருக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட்டுக்கு முன்னால் வெள்ளையாக ஒன்று அடிக்கிறார்களே, அது. சத்தி ரோட்டின் ரெண்டு பக்கமும் கட்டடம் முளைத்துக்கொண்டே இருக்கிற ஊர் இது. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தராவது, "பிரைமர் ஒரு கோட்டா, ரெண்டு கோட்டா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

ஆகவே என் மச்சான் டெக்சாஸிலிருந்து போன் பண்ணி, "மாப்ள, எந்த பிரைமர் வாங்கறதுன்னே தெரியல, ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது" என்று புலம்பியபோது, எங்க வீட்டம்மா முந்திக்கொண்டு, "வெளிச்சுவத்துக்கா உள்சுவத்துக்கான்னு கேளுங்க" என்றாள்.

அவன் கேட்டது கோட்டுக்கு இல்லை சார், தோட்டாவுக்கு!

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமன் மகன். ஒரே வயசு, ஒரே பெஞ்ச். அவன் மெக்கானிக்கல் படித்துவிட்டு டல்லாஸ் பக்கம் போய் செட்டிலாகிவிட்டான். நான் பி.காம். படித்துவிட்டு, இங்கேயே உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கா போனவர்களில் சிலர் கோல்ஃப் ஆடுவார்கள். சிலர் கோயில் கட்டுவார்கள். இவன் பிஸ்டல் போட்டிக்குப் போக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காதை மூடி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஓடி ஓடி அட்டைப் பலகைகளைச் சுட வேண்டும். எத்தனை செகண்டில் எத்தனை பாயின்ட் என்பதுதான் கணக்கு.

ஊரில் விஷயம் தெரிந்ததும் ஒறம்பரை மொத்தமும் அத்தையிடம் வந்து, "பையன் அங்க போயி துப்பாக்கி தூக்கறானாமா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் விசாரித்தார்கள். "அது வெளையாட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி அத்தைக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கிய பிறகுதான் நிலைமை சீரானது. "அந்தப் புள்ள சுடறாப்பலதான் எம் பையனும் சுடறான்" என்று அத்தை இப்போது தலை நிமிர்ந்து சொல்கிறார். மனு பாக்கர் பதக்கம் வாங்கியது காற்று பிஸ்டலில், அதில் பிரைமர் என்ற சமாசாரமே கிடையாது என்பதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. எதற்கு?

*

தோட்டா என்பது நான்கு பேர் சேர்ந்த கூட்டு வியாபாரம். பித்தளைக் கூடு ஒன்று. உள்ளே மருந்து. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஈயக்குண்டு. நாலாவது பார்ட்னர்தான் பிரைமர். கூட்டின் அடிப்பக்கம் நட்டநடுவில் வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருக்கும். மச்சான் உபயோகிக்கிற 9 எம்.எம். தோட்டாவில் அதன் குறுக்களவு 4.45 மில்லிமீட்டர்.

தீபாவளிக்குப் பொட்டு கேப் வைத்து அடித்திருப்பீர்களே, அதன் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டியாக ஓர் உலோகக் கிண்ணம். அதற்குள் அடிபட்டால் சீறுகிற மருந்து ஒரு துளி. அதன்மேல் மூன்று கால், அல்லது இரண்டு கால், ஊன்றி நிற்கிற ஒரு தகடு. கொல்லர் பட்டறையில் பட்டடை இருக்கும் பாருங்கள், அதே வேலை அந்தத் தகட்டுக்கு. துப்பாக்கியின் ஊசி வெளியிலிருந்து கிண்ணத்தைக் குத்தும். நடுவிலிருக்கிற துளி மருந்து கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் இடையில் நசுங்கி, பொறி கக்கும். அந்தப் பொறி ஓட்டை வழியாகப் பாய்ந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கும். குண்டு கிளம்பும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரு பாதிரியார் என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித். வேட்டைப் பிரியர். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் உரசி, வெளியே ஒரு தட்டிலிருக்கிற மருந்து முதலில் 'பக்'கென்று பற்றும். அப்புறம்தான் உள்ளே வெடிக்கும். அந்த 'பக்'கைப் பார்த்தவுடனேயே பறவைகள் பறந்துவிடும். ஞாயிறு பிரசங்கத்துக்கு நடுவே இதே யோசனையாக இருந்தாரோ என்னவோ, அடித்தாலே பற்றுகிற மருந்தை உபயோகித்து ஒரு விசை செய்து, 1807-ல் பேடன்டும் வாங்கிவிட்டார். பறவைகளின் கெட்ட காலம்.

இன்னொரு வேடிக்கை. 1866 வாக்கில் ரெண்டு பேர் தனித்தனியாக இன்றைய பிரைமருக்கு வடிவம் கொடுத்தார்கள். ஒருத்தர் எட்வர்ட் பாக்ஸர், இங்கிலாந்துக்காரர். இன்னொருத்தர் ஹிராம் பெர்டான், அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் செல்லுபடியானது இங்கிலாந்துக்காரரின் பிரைமர். ஐரோப்பாவில் பரவியது அமெரிக்கரின் பிரைமர்! பாக்ஸர் வகைக் கூட்டில் நடுவில் ஒரே ஓட்டை. முன்பக்கமிருந்து ஒரு ஊசியை விட்டு அழுத்தினால் எரிந்துபோன பிரைமர் பொத்தென்று விழுந்துவிடும். பெர்டானில் ஓட்டை ரெண்டு, நடுவில் பட்டடை வேறு. ஊசி போகாது. அதனால்தான் சுட்ட கூட்டையே மறுபடி மறுபடி நிரப்புகிற 'ரீலோடிங்' பொழுதுபோக்கு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கராஜில் நடக்கிறது.

'அட, நாமும் மொட்டைமாடியில் செய்து பார்க்கலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகமும் தோட்டாதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டும். செய்தால் கேட்கவே வேண்டாம். ஞாபகார்த்தமாக ஒரே ஒரு தோட்டாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டில் மாட்டியவர்கள் கதை பேப்பரில் அடிக்கடி வருகிறது. நம் பக்கத்தில் இந்த மருந்து வேலை நடக்கிற இடம் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலில் போனால், குன்னூரும் வெலிங்டனும் தாண்டி அருவங்காடு வருமே, அங்கே 1903-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த கார்டைட் ஃபாக்டரி. 2021 முதல் முனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு கம்பெனியின் கீழ் நடக்கிறது. ரயிலிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு நமக்கு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

*

மச்சான் என்னைக் கூப்பிட்டது பிரைமர் பற்றி என் அபிப்பிராயம் கேட்பதற்கு அல்ல. குடும்பத்தில் காமர்ஸ் படித்தவன் நான் ஒருத்தன்தான். "ஒரு தோட்டாவுக்கு எனக்கு என்ன அடக்கமாகுதுன்னு ஒரு ஷீட் போட்டுக் குடு மாப்ள." அவ்வளவுதான்.

போட்டேன். அவன் கொடுத்த விலைகள்படி குண்டு 9 சென்ட். மருந்து ஒரு பவுண்டில் ஆயிரத்து ஐந்நூறு தோட்டா வருமாம். ஒன்றுக்கு இரண்டரை சென்ட். பிரைமர் 7 சென்ட். கூடு, மைதானத்தில் மற்றவர்கள் சுட்டுப் போட்டதைப் பொறுக்கியது, ஆகவே பூஜ்யம். மொத்தம் பதினெட்டரை சென்ட். கடையில் ரெடிமேடாக வாங்கினால் அவனுக்கு 24 சென்ட். மிச்சம் ஐந்தரை சென்ட். ஆனால் நிரப்புகிற பிரஸ் மெஷினுக்கு அவன் அழுதது 700 டாலர். பிரேக்-ஈவன் போட்டுப் பார்த்தால் 12,727 தோட்டா சுட்ட பிறகுதான் முதல் காசு லாபம். மாசம் ஐந்நூறு சுடுகிறவனுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல்!

"இதுக்குப் பேசாம கடையிலயே வாங்கலாமே மச்சான்?"

"காசுக்காகப் பண்ணல மாப்ள. கடைத் தோட்டா ரெடிமேட் சட்டை. இது அளவெடுத்துத் தெக்கறது."

அவனுடைய போட்டியில் ஒரு விதி இருக்கிறது. குண்டின் எடையை (கிரெயின் கணக்கில்) வேகத்தால் (செகண்டுக்கு இத்தனை அடி) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2. பாஸ். போட்டியன்று உங்கள் பையிலிருந்தே சில தோட்டாக்களை எடுத்து, மெஷின் வைத்து அளப்பார்கள். 125-க்குக் கீழே போனால் அன்று நீங்கள் சுட்டது அத்தனைக்கும் மார்க் பூஜ்யம். ரொம்ப மேலே வைத்தால் துப்பாக்கி கையில் துள்ளி, குறி பார்க்க நேரம் பிடிக்கும். ஆகவே விளிம்புக்குச் சற்று மேலே, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிரைமரை மாற்றினால் பொறியின் சூடு மாறும், வேகமும் மாறலாம். அதனால்தான் ஒரு பொத்தான் சைஸ் சமாசாரத்துக்கு ராத்திரித் தூக்கம் போகிறது.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? மச்சான் எனக்குப் போட்ட டியூஷனை அப்படியே தருகிறேன். முதலில் அளவு. சின்னது, பெரியது என்று ரெண்டு. இதில் உங்களுக்குச் சாய்ஸ் கிடையாது, கூட்டிலிருக்கிற குழிதான் சொல்லும். அடுத்தது, பிஸ்டலுக்கா ரைஃபிளுக்கா? சின்ன சைஸில் ரெண்டும் ஒரே குழிக்குள் போகும். ஆனால் ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் தடிமன், குத்துவதற்குப் பலம் வேண்டும். மூன்றாவது, சாதாவா 'மேக்னம்' வகையா? சீக்கிரம் பற்றாத மருந்துக்குத்தான் மேக்னம். சூடு அதிகம் என்பதால் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கக்கூடாது. மருந்து கம்பெனியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வேதவாக்கு. பிரைமர் மாறினால் குறைந்த அளவு மருந்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

கடைசியாகப் பிராண்ட். இங்கேதான் நம் டீக்கடை மாதிரியே அங்கேயும் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். ஃபெடரல் மெது, லேசாகத் தட்டினாலே பற்றும் என்பது போட்டியாளர்கள் நடுவே ரொம்ப நாள் பேச்சு. சி.சி.ஐ. கொஞ்சம் கெட்டி, வின்செஸ்டர் நடுவாந்திரம் என்பார்கள். ட்ரிக்கர் பூப்போல இருக்கவேண்டும் என்று ஸ்பிரிங்கை லேசாக்கி வைத்திருப்பவர்கள் மெதுவைத்தான் தேடுவார்கள்.

ஆனால் தேடுவது வேறு, கிடைப்பது வேறு. 2020-ல் கொரோனா வந்து, ஜனங்கள் அரிசி பருப்பு மாதிரி தோட்டாவையும் வாங்கிக் குவித்ததில், 2021-ல் அமெரிக்கா முழுக்கப் பிரைமருக்கு அடிதடி. ஆயிரத்துக்கு 30 டாலர் சுமாருக்கு விற்றது 100 டாலரைத் தாண்டியது. அப்போது கிடைத்த பிராண்டைக் கும்பிட்டு வாங்கினார்கள். இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவின் நாலு பெரிய பிரைமர் பேர்களான ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன், வின்செஸ்டரில் முதல் மூன்றும் 2024-ல் ஒரே செக் நாட்டுக் குழுமத்தின் கைக்குப் போய்விட்டன. கடையில் மூன்று டப்பாவை வைத்துக்கொண்டு எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள், ஒரே முதலாளிக்காகச் சண்டை போடுகிறார்கள்!

டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. பிரைமரைக் கம்பெனி டப்பாவிலிருந்து எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைக்கவே கூடாது. தனித்தனிக் குழியில் அது சாது. மொத்தமாகச் சேர்ந்தால் வெடிகுண்டு. மருந்தில் ஈயம் இருப்பதால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைக்கூடத் தூக்கமாட்டான் மச்சான்.

*

இப்படிச் சர்வ ஜாக்கிரதையாக இருந்தவனுக்குத்தான் வந்தது சோதனை.

ட்ரிக்கரை இழுத்தால் 'டப்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'டிக்'. பத்துப் பதினஞ்சில் ஒன்று இப்படி. அவன் பிஸ்டலில் ட்ரிக்கரை மறுபடி இழுத்தால் சுத்தியல் இன்னொரு தடவை அடிக்கும். பயிற்சியில் பலகைப் பக்கமே நீட்டிக்கொண்டு அரை நிமிஷம் காத்திருந்து (தாமதமாக வெடித்துவிடலாம் என்பதால் அப்படித்தான் செய்ய வேண்டுமாம்) மறுபடி அடித்தால் ஒழுங்காக வெடிக்கிறது! போட்டியில் அந்த ஒரு 'டிக்' ரெண்டு செகண்டைத் தின்றுவிடும். ரெண்டு செகண்ட் என்பது பத்து இடம் கீழே.

பிராண்டை மாற்றினான். 'டிக்.' இன்னொரு பிராண்ட். குறைந்தது, போகவில்லை. மூன்றாவது பிராண்டை, ஷிப்பிங்குக்கும் ஆபத்துச் சரக்கு என்று தனி வசூலுக்கும் தெண்டம் அழுது வரவழைத்தான். அதிலும் 'டிக்'. ஒவ்வொரு தடவையும் வேகம் புதிதாக அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் என் ஷீட்டில் ஒரு காலம் கூடியது. மூணு வாரத்தில் ஒரு பெரிய போட்டி. லீவு போட்டாயிற்று, ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று.

"போதும் மாப்ள. பிரஸ்ஸ வித்துடலாம்னு இருக்கறேன்" என்றான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

'வித்துடலாம்' என்ற வார்த்தைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு சரித்திரம் உண்டு. மாமா கணபதியில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவர். மோட்டார் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைவது, பேரிங் உட்காருகிற இடத்தை அளவு பிசகாமல் எடுப்பது. கோயமுத்தூர் பம்பு நாடெல்லாம் போகிறதே, அதில் மாமா கைபட்டது எத்தனையோ. கண் மங்கி, ஆள் கிடைக்காமல் பட்டறை நின்றுபோனது. கடைசியாக ஒரே ஒரு லேத் மட்டும் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ரெண்டு வருஷம் முன்னால் மச்சான் போனில், "வித்துருங்கப்பா, எடத்த வாடகைக்கு விட்டா மாசாமாசம் காசு வரும்" என்றான். கணக்குப்படி அதில் தப்பே இல்லை. என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா பிள்ளை பேச்சு மூணு வரிக்குச் சுருங்கிவிட்டது. "சாப்டியா?" "சாப்டனுங்கப்பா." "செரி, அம்மாகிட்டக் குடுக்கறேன்."

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மச்சானின் நாலாவது ஷீட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன கண்ணு, வந்ததுலருந்து தட்டிக்கிட்டே இருக்கற?"

சொன்னேன். பிராண்ட், விலை, மெது, கெட்டி எல்லாம் சொன்னேன். மாமா பாதியிலேயே கையமர்த்தினார். அவர் கேட்டது மூணே கேள்வி.

"எல்லாமே வெடிக்கலயா, ஊடால ஒண்ணொண்ணா?"

"ஒண்ணொண்ணுதானுங்க மாமா."

"ரெண்டாவது அடிக்கு வெடிச்சுருதா?"

"ஆமாங்க."

"அத அந்தக் குழில எப்புடி எறக்கறான்?"

"கையால லீவர அமுக்கி எறக்கறானாமுங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருந்து மேல தப்பில்ல கண்ணு. மருந்து கெட்டதா இருந்தா ரெண்டாவது அடிக்கு மட்டும் எப்புடி வெடிக்கும்? பேரிங் எறக்கறப்ப முட்டு வரைக்கும் போவோணும். நூலளவு மேல நின்னுபோச்சுன்னா மொதல்ல விழற அடி அத உள்ள தள்றதுக்கே செரியாப் போயிரும். இவனுக்கும் அதேதான். மொத அடி குந்த வெக்கறதுக்குப் போயிருச்சு. ரெண்டாவது அடிதான் வேலைய செய்யுது."

நான் போனில் மச்சானைப் பிடித்து, வீடியோவைப் போட்டு, மாமா கையில் கொடுத்துவிட்டேன்.

"சாப்டியா?"

"சாப்டனுங்கப்பா."

வழக்கமாக இங்கேதான் போன் அத்தை கைக்குப் போகும். அத்தை அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தும்விட்டார். மாமா கொடுக்கவில்லை.

"நீ ரொப்பி வெச்சதுல ஒரு அம்பது எடு. கண்ணாடி மேல, அடி கீழ இருக்கறாப்பல வரிசையா நிறுத்து. ஒவ்வொண்ணா வெரல்ல தொடு. ஆடுதா பாரு."

டெக்சாஸில் கண்ணாடி டீபாய் மேல் தோட்டாக்கள் அணிவகுத்தன. பிரைமர் கூட்டின் மட்டத்துக்குச் சற்று உள்ளே இருந்தால் தோட்டா அசையாமல் நிற்கும். துளி வெளியே துருத்தினாலும் ஆடும். விஷயம் இவ்வளவுதான். திண்ணையில் நாங்கள் மூணு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆடுதுங்கப்பா..."

ஐம்பதில் ஏழு ஆடியது.

அதற்கப்புறம் நடந்த பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. 'தௌ' என்றார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காம். மட்டத்துக்கு மூணு முதல் அஞ்சு தௌ உள்ளே போயிருக்க வேண்டும் என்றான் மச்சான். பட்டடையின் கால்கள் குழியின் தரையில் ஊன்றினால்தான் மருந்து நசுங்கும். அந்தரத்தில் நின்றால் அடி வீண். ஏன் சில குழியில் மட்டும் இறங்கவில்லை? மாமா பையனையே தேடவைத்தார். பொறுக்கியெடுத்த கூடுகளில் சிலவற்றில் பழைய கரி அடியில் கெட்டிப்பட்டிருந்தது. சிலது ராணுவத்துக்குச் செய்த கூடு. பிரைமர் கழன்றுவிடாமலிருக்கக் குழியின் வாயை நசுக்கி விட்டிருந்தார்கள். அந்த விளிம்பைச் சீவாமல் அமுக்கினால் லீவர் இறங்கின மாதிரி கைக்குத் தெரியும், இறங்கியிருக்காது.

"ஸ்பிரிங்கயும் லேசு பண்ணிட்ட. ரெண்டும் சேந்துதான் காலை வாரி உட்டுருக்குது. கொஞ்சம் பழயபடிக்குக் கெட்டியா வை."

"வெச்சா ட்ரிக்கர் கனமாயிருமுங்கப்பா."

"வெரலுக்குக் கனம் பழகிரும் சாமி. வெடிக்காதது பழகுமா?"

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். போன் சூடாகி, சார்ஜ் போய், அத்தை சார்ஜரைக் கொண்டுவந்து குத்திவிட்டு, "எனக்கு ஒரு வார்த்தை பேசக் குடுக்கறாங்களா பாரு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கண் மட்டும் சிரித்தது.

*

எந்தப் பிரைமர் என்ற கேள்விக்குக் கடைசியில் விடை இதுதான்: முதலில் வைத்திருந்ததே போதும். மச்சான் குழிகளைச் சுரண்டி, விளிம்பைச் சீவி, ஒவ்வொன்றையும் கண்ணாடி மேல் நிறுத்தி, விரல் வைத்துத் தடவிப் பார்த்துத்தான் டப்பாவில் போட்டான்.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா கடும் காய்ச்சலோடு வந்து, 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அறுபது தோட்டா. அதன் பின்னால் அறுபது பிரைமர் சொன்ன சொல் கேட்டிருக்க வேண்டும். மெடல் வாங்கும்போது யாரும் பிரைமரைப் பார்ப்பதில்லை. ஆபீஸில்கூட அப்படித்தானே? ஒன்று 'டிக்' என்றால்தான் இத்தனை நாள் அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார் என்பதே மேனேஜருக்குத் தெரிகிறது.

போட்டி முடிந்த ராத்திரி, நம் ஊர்க் கணக்குக்கு விடிகாலையில், மச்சான் கூப்பிட்டது எனக்கு இல்லை. நேராக அவன் அப்பாவுக்கு.

"எத்தனாவது வந்த?"

"பத்தொம்பதாவதுங்கப்பா."

"எல்லாம் வெடிச்சுதா?"

"அத்தனையும் வெடிச்சுதுங்க."

"அப்பறமென்ன."

அந்த வாரம் மாமா தார்ப்பாயை எடுத்துவிட்டார். லேத்துக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, பக்கத்துப் பட்டறைப் பையனைக் கண்ணுக்கு வைத்துக்கொண்டு, பித்தளையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கேஜ் கடைந்தார். தோட்டாவின் அடியில் வைத்தால் பிரைமர் சரியாக இறங்கியிருக்கிறதா என்று காட்டிவிடும் அளவுகோல். கண் மங்கினவர் கடைந்தது என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள், அப்படி ஒரு பினிஷிங்!

கூரியரில் அனுப்பியது நான்தான். செலவு எழுதினால் பிரேக்-ஈவன் இன்னும் தள்ளிப்போகும் என்று தெரிந்தும், என் ஷீட்டில் 'கேஜ்' என்று ஒரு வரி சேர்த்தேன். மெட்டீரியல் போட்டேன். கூரியர் போட்டேன். அடுத்த காலம் 'லேபர்'.

"மாமா, கூலி எவ்வளவு போடட்டுமுங்க?"

வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார். "பாக்கின்னு எழுதிக்க கண்ணு. நேர்ல வந்து குடுத்துட்டுப் போகச் சொல்லு."

எழுதிக்கொண்டேன். வர வேண்டிய பாக்கி என்ற தலைப்பில் அது இன்னும் நிற்கிறது. மச்சான் டிசம்பருக்கு டிக்கெட் போட்டிருக்கிறான்.